சொல்லுக்கு வரம்பு கட்டுதல்: வரைவிலக்கண வாதம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரக் கலைப்பிரிவில் படிக்கும் மாணவி ஒருவர், ‘ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி மேடையில் ஆடுவது கூத்தாகுமா?’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையைக் கொப்பியோடு கொண்டுவந்து என்னிடம் தந்தார். மட்டக்களப்பில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வட்டக்களரி எனப்படும் வட்டமான ஆடுகளத்தில் விடியும்வரை ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். கட்டுரையின் முதற்பந்தி, ‘கூத்து என்பது ஆடலும் பாடலும் கலந்த நாடக வடிவம் என அகராதி கூறுகின்றது’ என்று தொடங்கியது. அடுத்த இரண்டு பந்திகள் வடமோடி, தென்மோடி ஆகிய இரு மரபுகளின் பெருமையைப் பேசின. கடைசிப் பந்தி, ‘ஆகவே, சுருக்கிய கூத்தும் கூத்தே’ என்று முடிந்தது. மொழிநடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் முதற்பந்தியைத் திரும்ப வாசித்தார், பிறகு இரண்டாம் பந்தியை வாசித்தார், பிறகு பேசாமல் இருந்தார்.

ஒரு சொல்லின் எல்லையை வரைந்து, குறித்த ஒன்று அந்த எல்லைக்குள் அடங்கும் அல்லது அடங்காது என்று நிறுவுவதையே வரைவிலக்கண வாதம் என்கிறோம். சொல்லுக்குரிய அளவுகோல் இன்னதென்று கூறுவதும், அந்த அளவுகோலை வாசகர் ஏன் ஏற்க வேண்டும் என்று காட்டுவதும், எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு இணங்குகிறதா என்று சான்றோடு பார்ப்பதும் அதன் வேலைகள். இவற்றுள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, மற்ற இரண்டையும் செய்ததாக நினைத்துக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

இந்த வாதமுறை நமக்குப் புதியதன்று. ‘வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்று வள்ளுவர் ஓர் அளவுகோலை வைக்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்வதே வாய்மை என்று எண்ணியிருக்கும் வாசகரை அது திடுக்கிட வைக்கிறது. அதோடு நின்றிருந்தால் அது ஓர் அழகிய வாக்கியமாக மட்டும் இருந்திருக்கும். அடுத்த குறளிலேயே, ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று, தாம் வைத்த அளவுகோலிலிருந்து எது பின்தொடர்கிறதோ அதையும் அவரே ஏற்றுக்கொள்கிறார். தீமை இல்லாமையே வாய்மையின் அளவு என்றால், நன்மை தரும் பொய்யையும் அந்த இடத்தில் வைக்க வேண்டி வரும். அவர் அதிலிருந்து நழுவவில்லை. 291ஆம் குறளிலிருந்து 292ஆம் குறளுக்குச் செல்லும் அந்த ஓரடியை மாணவர்கள் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அகராதியிடம் தீர்ப்புக் கேட்டல்

கட்டுரையை அகராதிப் பொருளோடு தொடங்குவது மிகப் பரவலான தவறு. ஒரு சொல்லை மக்கள் எந்தெந்தப் பொருளில் வழங்குகிறார்கள் என்பதை அகராதி பதிவு செய்கிறது. இரு தரப்பார் ஒரே சொல்லைப் பற்றிப் பிணங்கும்போது யார் சரி என்று சொல்வது அதன் வேலையன்று. சுருக்கிய கூத்தைக் கூத்தென்று ஏற்காத ஒரு முதிய அண்ணாவியாருக்கு, அதாவது கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானுக்கு, அகராதி சொல்லும் பொருள் தெரியாமல் இல்லை. அது தெரிந்தும் அவர் மறுக்கிறார் என்றால், பிணக்கு வேறிடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே எழுதுபவரின் முதல் உழைப்பு.

எவரும் பிணங்காத சொல்லைத் தெரிவதும் இதன் உடன்பிறப்பான தவறுதான். ‘நூலகம் என்பது யாது?’ என்று இரண்டு பந்திகள் எழுதினால், அதை மறுக்க ஒருவரும் வரமாட்டார். ஏழை, விவசாயி, கலைஞர், வன்முறை, மரபு, சுதந்திரம் போன்ற சொற்களையே எடுக்க வேண்டும். இவற்றின் எல்லை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது, அல்லது கிடைக்காமல் போகிறது.

குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கும் நன்னூல், குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் முதலிரண்டாக வைக்கிறது. வரைவிலக்கணத்துக்கு வரும் குற்றங்களைத் தருக்க நூலார் அவ்வியாத்தி (குன்றுதல்), அதிவியாத்தி (மிகுதல்), அசம்பவம் (எதற்கும் பொருந்தாமை) என்று மூன்றாகப் பிரித்து, பசுவை வைத்து விளக்குவார்கள். கபில நிறம் உடையது பசு என்றால், வெள்ளைப் பசுவும் கறுப்புப் பசுவும் வெளியே நின்றுவிடும். கொம்புடையது பசு என்றால், எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடும். ஒற்றைக் குளம்புடையது பசு என்றால், உலகில் ஒரு பசுவும் மிஞ்சாது. இந்த மூன்று வாக்கியங்களையும் மனத்தில் வைத்திருப்பவர் தம் வரைவிலக்கணத்தைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

மாணவியின் கட்டுரைக்குத் திரும்புவோம். ‘ஆடலும் பாடலும் கலந்த நாடக வடிவம்’ என்ற வரையறைக்குள் நாட்டிய நாடகம் அடங்கும். ஆடிப் பாடி நடிக்கப்படும் எதுவும் அடங்கும். சுருக்கிய கூத்து அதற்குள் அடங்குவதில் வியப்பொன்றும் இல்லை. எல்லாமே அடங்கும் எல்லைக்குள் ஒன்று அடங்குகிறது என்று காட்டுவதால் எதுவும் நிறுவப்படுவதில்லை.

இதைச் சொன்னதும் அவர் மறுகரைக்குப் போனார். ‘கூத்து என்பது வட்டக்களரியில், மக்கள் சுற்றிலும் அமர்ந்திருக்க, இரவு தொடங்கி விடியும்வரை ஆடப்படுவது’ என்று எழுதினார். நள்ளிரவில் மழை பிடித்து, பாதியில் நின்றுபோன கூத்தை என்ன என்று சொல்வீர்கள் என்று கேட்டேன். மழை பிடித்தபோது அது கூத்தாக இருந்து, பிறகு கூத்தல்லாததாக மாறியது என்று எவரும் சொல்லமாட்டார். அப்படியானால், விடிவதென்பது கூத்தின் வழக்கமான பண்பு; அதன் இன்றியமையாத பண்பு அன்று. இந்த வேறுபாட்டை அவர் அன்று தாமாகக் கண்டுகொண்டார். எப்போதும் கூடவே காணப்படும் பண்பு ஒன்று, அது இல்லாவிட்டால் அந்தப் பொருளே இல்லை என்று சொல்லக்கூடிய பண்பு இன்னொன்று. முன்னதைப் பின்னதென்று கொள்வதே குன்றக் கூறலுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

இந்தக் கேள்விக்கு வரலாறும் உண்டு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, நேரத்தைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. 1964இல் ‘இராவணேசன்’ மேடையேறியது. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு அதில் இராவணனாக ஆடினார். களரி வட்டத்திலிருந்து ஒருமுக மேடைக்கு வந்தது, பல மணி நேரம் ஒன்றிரண்டு மணி நேரமானது. அப்போது எழுந்த கேள்வியைத்தான் இந்த மாணவியும் எழுப்புகிறார். ஆனால் அவருடைய கட்டுரையில் இந்த வரலாறு ஒரு வரியில்கூட இல்லை. பிணக்கு முன்பே நடந்திருந்தால், அந்தப் பிணக்கில் யார் எந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அறியாமல் புதிய அளவுகோல் ஒன்றை வைப்பது வீண்.

அவர் இறுதியில் வந்து சேர்ந்த வரையறை இது: ‘தாளக்கட்டுக்கு அமைந்த ஆட்டத்தாலும் பாடலாலும் கதையை நடத்துவதும், பாத்திரங்கள் தத்தம் வரவை ஆடியே அவைக்கு அறிமுகமாவதும், அண்ணாவியாரின் மத்தளமும் பிற்பாட்டும் ஆட்டத்தை முன்கொண்டு செல்வதும் கூத்தாகும்.’ நாட்டிய நாடகம் இதற்குள் வராது. மழையில் நின்ற கூத்து இதற்குள் வரும். குறைகள் இதிலும் உண்டு. ஆனால் மறுக்க விரும்புபவருக்கு இப்போது பிடிப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது, அதுவே முன்னேற்றம்.

சுற்றி வருதலும் உவமை சொல்லுதலும்

‘நேர்மை என்பது நேர்மையாக நடந்துகொள்ளுதல்’ என்று எழுதுபவர் தம் பிழையை உடனே கண்டுகொள்வார். ‘கலைஞர் என்பவர் கலைப்படைப்புகளை ஆக்குபவர்; கலைப்படைப்பு என்பது கலைஞரால் ஆக்கப்படுவது’ என்று, முதற்பாதி முதற்பக்கத்திலும் மறுபாதி மூன்றாம் பக்கத்திலும் வந்தால் கண்டுகொள்ளமாட்டார். வட்டம் பெரிதானால் அது நேர்கோடு போலத் தெரியும்.

விவாத மேடைகளில் ‘கல்வி என்பது கண்’, ‘தாய்மொழி என்பது உயிர்’ என்று தொடங்கக் கேட்டிருப்போம். உவமை ஒரு பொருளின் மேல் அன்பை வளர்க்கும். அதன் எல்லையைக் காட்டாது. ரியூசன் கல்வியா, தொழிற்பயிற்சி கல்வியா என்று ஒருவர் கேட்டால், கண் என்ற உவமை விடை தராது. உவமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைவிலக்கணம் நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

வேர்ச்சொல்லையும் பெயரையும் சான்றாக்குதல்

சொல்லின் பிறப்பைச் சொல்லி அதன் இன்றைய பொருளை நிறுவ முயல்வது தமிழ் எழுதுவோரை எளிதில் ஈர்க்கும் பிழை. நம் மொழி பழையது. வேர்களைத் தோண்டுவது இன்பம் தருவது. ஆனால் எள்ளின் நெய்யே எண்ணெய் என்பதால், தேங்காய் எண்ணெய் எண்ணெயன்று என்று எவரும் வாதிடுவதில்லை. ‘நாற்றம்’ என்ற சொல் பழைய பாடல்களில் நறுமணத்தைக் குறித்தது. இன்று ஒருவருடைய வீட்டுச் சமையலை அந்தச் சொல்லால் புகழ்ந்து பார்த்தால் தெரியும். ஒரு சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பது அதன் வரலாறு. இன்று எங்கே நிற்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

பெயரும் அப்படியே. இங்கினியாகலையில் உள்ள நீர்த்தேக்கத்தைச் சேனாநாயக்க சமுத்திரம் என்கிறோம். அதனால் அது கடலாகிவிடவில்லை. மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொண்டால் விடயம் இன்னும் நுட்பமானது. இலக்கியத்தில் வாவி என்பது பெரும்பாலும் தாமரை பூத்த நன்னீர்க் குளம். நம் வாவியோ உவர்நீர், கடலோடு கலப்பது. ‘எனவே இதை வாவி என்பது பிழை, களப்பு என்பதே சரி’ என்று ஒரு கட்டுரை வாதிட்டிருந்தது. சொல்லாராய்ச்சி என்ற அளவில் அது வாசிக்கத் தக்கதுதான். ஆனால் அந்தப் பெயரை மாற்றுவதால் எந்த மீனவருக்கு என்ன மாறப்போகிறது என்று அது சொல்லவில்லை.

அதே நீர்நிலைக்கு இன்னொரு வரைவிலக்கணக் கேள்வி உண்டு. அதில் பலருக்குப் பலதும் தங்கியிருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தை வரையறுக்கும்போது, நிலப்பக்கமாக 300 மீற்றர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடர்புறும் ஆறு, களப்பு முதலிய நீர்நிலைகளுக்கு அந்த எல்லையை 2 கிலோமீற்றர்வரை நீட்டுகிறது. நம் முகத்துவாரம் வறட்சிக் காலத்தில் மணல் மூடிக் கிடக்கும். மாரி வெள்ளத்தில் அதை வெட்டிவிடுவார்கள். ‘நிரந்தரமாகத் தொடர்புறும்’ என்று மட்டும் சட்டம் எழுதியிருந்தால், மூடிக் கிடக்கும் மாதங்களைக் காட்டி, இது வலயத்துக்கு வெளியே என்று ஒருவர் வாதிட்டிருக்கலாம். ‘இடைக்கிடை’ என்ற ஒரு சொல் அந்த வாயிலை அடைக்கிறது. இங்கே சட்டம் அந்த நீர்நிலை வாவியா, களப்பா, ஏரியா என்று பெயரைப் பார்த்து நிற்கவில்லை. கடலோடு அதற்குள்ள தொடர்பைப் பார்க்கிறது. நல்ல வரைவிலக்கணம் எப்படி இருக்கும் என்று கேட்கும் மாணவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சொல்லைத்தான்.

தீர்ப்பை உள்ளே வைத்துக் கட்டுதல்

‘அபிவிருத்தி என்பது மக்களின் நிலத்தைப் பறிக்கும் செயல்’ என்று தொடங்கும் கட்டுரை, முதல் வரியிலேயே முடிந்துவிட்டது. நிறுவ வேண்டியதை வரையறைக்குள்ளேயே வைத்துவிட்டால், மாறுபட்ட கருத்துடையவர் அடுத்த வரியை வாசிக்கக் காரணம் இல்லை. முடிவு நியாயமானதாகவே இருக்கலாம். என் அனுதாபமும் அந்தப் பக்கம் இருக்கலாம். இருந்தாலும், எதிர்த்தரப்பாரும் ‘ஆம், இந்தச் சொல்லை நாமும் இப்படித்தான் வழங்குகிறோம்’ என்று ஒப்பும் அளவுகோலிலிருந்து புறப்பட்டு அந்த முடிவை அடைவதே வாதம்.

இதே தவறு ‘உண்மையான’ என்ற அடைமொழிக்குள்ளும் ஒளிந்திருக்கும். ‘கூத்துக் கலைஞர் எவரும் பணத்துக்காக ஆடமாட்டார்’ என்று ஒருவர் எழுதுகிறார். பணம் பெற்று ஆடும் நல்ல கலைஞர் ஒருவரைச் சுட்டிக் காட்டுகிறோம். ‘உண்மையான கூத்துக் கலைஞர் ஆடமாட்டார்’ என்று அவர் திருத்துகிறார். இப்போது எந்தச் சான்றாலும் அவரைத் தொட முடியாது; அதனாலேயே அவர் சொன்னதில் எதுவும் மிஞ்சவில்லை. ‘உண்மையான’, ‘தூய’, ‘அசல்’ என்ற சொற்களை எழுதும்போதெல்லாம் பேனையை நிறுத்தி, அந்த அடைமொழியை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்குமா என்று பார்ப்பது நல்லது.

நடுவழியில் பொருளை மாற்றுதல்

எனக்கு மிகவும் கவலை தரும் பிழை இது. எழுதுபவர் அறிந்து செய்வதில்லை, வாசகரும் பல வேளைகளில் கவனிப்பதில்லை. ஆனால் பாதிப்பு மெய்யான மனிதர்மேல் விழும்.

அம்பாறை மாவட்டத்தில் ஒருவர் உர மானியம் பற்றி எழுதிய கட்டுரையொன்றை வாசித்தேன். முதற்பந்தியில், சேற்றில் இறங்கி உழைப்பவனே விவசாயி என்று உருக்கமாக எழுதியிருந்தார். பெரும்போகம், சிறுபோகம் என்று இரண்டு போகமும் வயலோடு கிடப்பவனுடைய வாழ்வை அவர் விரித்த விதம் உள்ளத்தைத் தொட்டது. நான்காம் பந்தியில், ‘ஆகவே, காணி உறுதியைக் காட்டும் விவசாயிக்கு மானியம் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்’ என்று கோரியிருந்தார். இங்கே விவசாயி என்ற சொல்லுக்குள் வேறொருவர் வந்து அமர்ந்துவிட்டார். சேற்றில் இறங்குபவர் குத்தகைக்குச் செய்பவராகவோ, போடியாரின், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரின், வயலைப் பங்குக்குச் செய்யும் முல்லைக்காரராகவோ இருக்கலாம். அவர் கையில் உறுதி இராது. உறுதி வைத்திருப்பவர் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கலாம். யாருடைய வியர்வையைச் சொல்லி அனுதாபத்தைத் திரட்டினாரோ, அவரையே அந்தக் கோரிக்கை வெளியே விட்டுவிட்டது. எழுதியவர் நல்லெண்ணம் உடையவர். சொல்லை முதல் வரியில் பிடித்த பிடியிலேயே கடைசி வரிவரை பிடித்திருந்தால் இது நேர்ந்திராது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டுரையை முடித்த பிறகு, அந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் அதை அழித்துவிட்டு, முதற்பந்தியில் தந்த வரைவிலக்கணத்தை முழுமையாக எழுதி வாசிக்க வேண்டும். ‘காணி உறுதியைக் காட்டும், சேற்றில் இறங்கி உழைப்பவனுக்கு’ என்று வாசித்திருந்தால், அவருடைய செவியே இடறலைச் சொல்லியிருக்கும்.

எதற்காக வரையறுக்கிறோம் என்பதை மறத்தல்

ஒரு சொல்லுக்கு எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே எல்லையைத் தேடுவது பலருடைய நேரத்தைத் தின்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயம் 18 வயதுக்குட்பட்டவரைச் சிறுவர் என்கிறது. பாதுகாப்புத் தருவது அதன் நோக்கம் என்பதால் எல்லையை அகலமாக வைக்கிறது. பேருந்தில் அரைக் கட்டணம் பற்றிய பேச்சில் அந்த எல்லையைக் கொண்டுவந்தால் நடத்துனர் ஏற்கமாட்டார். அவர் சட்டத்தை மறுக்கிறார் என்று பொருளில்லை, அங்கே சொல்லின் வேலை வேறு. ஆகையால், ‘இந்தக் கேள்விக்காக, இந்தக் காரணத்தால், இந்தச் சொல்லை இப்படி வரையறுக்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் கட்டுரையில் எங்காவது இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் இல்லாத வாக்கியம் அதுதான்.

எதிர்த்தரப்பின் வரையறையை அதன் வலிமையான வடிவில் எடுத்துச் சொல்லாமல் விடுவதும் இதோடு சேரும். மாணவியிடம், சுருக்கிய கூத்தை மறுப்பவருடைய சிறந்த வாதம் எது என்று கேட்டேன். ‘நேரம் போதாது என்பார்கள்’ என்றார். அது சிறந்த வாதமன்று. சட்டம் கொடுப்பது (ஆடுவோருக்கு அவரவர் பாத்திரப் பாடல்களைப் பகிர்ந்தளிப்பது) முதல் சதங்கை அணிதல், அரங்கேற்றம்வரை மாதக்கணக்காக ஓர் ஊரே கூடி நடத்தும் செயலே கூத்து, இரவில் களரியில் நாம் காண்பது அதன் கடைசி முனை மட்டுமே என்று ஒருவர் வாதிடலாம். அந்த வரையறையின்படி, பல்கலைக்கழக மாணவரோ பாடசாலைப் பிள்ளைகளோ ஆடுவது எத்தனை மணி நேரம் நீடித்தாலும் கூத்தாகாது. இது கனமான வாதம். இதற்கு விடை சொல்லாமல் அவருடைய கட்டுரை நிறைவு பெறாது. அவர் அதற்கு ஒரு முழுப் பந்தி ஒதுக்கி, ஊர்கூடி நடத்துவது கூத்தின் வாழ்வைச் சொல்கிறது, கூத்தின் வடிவத்தைச் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிப்பு முழுமையாக நிற்குமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஆனாலும் அது உழைத்துப் பெற்ற விடை.

விளைவிலிருந்து நழுவுதல்

அளவுகோலை வைத்தவர், அது தமக்குப் பிடித்த ஒன்றை வெளியே தள்ளும்போது சத்தமில்லாமல் விதிவிலக்கு ஒன்றைச் செருகுவார். அப்படிச் செருகினால் வாசகர் முழு அளவுகோலையும் சந்தேகிப்பார். மேலே சொன்ன மாணவி, பாடசாலை விழாவொன்றில் பத்து நிமிடம் ஆடிய வடமோடி ஆட்டத்துக்குப் பரிசு பெற்றவர். வடமோடிக் கூத்தின் உடையான கரப்புடுப்பு உடுத்து நிற்கும் அந்தப் படம் அவருடைய கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அரசன் ஒருவனின் வரவு மட்டுமே இருந்தது, கதை நடக்கவில்லை. அவர் தந்த வரையறையோ, கதையை நடத்துவது கூத்து என்கிறது. இதை நான் சொல்லவில்லை, அவரே கண்டார். திருத்திய பிரதியின் கடைசிப் பந்தியில் இரண்டு வாக்கியங்கள் புதிதாக இருந்தன: ‘இந்த அளவுகோலின்படி, ஒன்றரை மணி நேர இராவணேசன் கூத்தாகும். நான் ஆடிப் பரிசு பெற்ற பத்து நிமிட ஆட்டம் கூத்தின் ஆட்டமே தவிரக் கூத்தாகாது.’